கரண்ட் முன்னாலா, வளர்ச்சி முன்னாலா?

கேள்வி: 1 ஜூன் 2024

மே 30ஆம் தேதி நாட்டின் மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது, இதுவரை இல்லாத உச்சம் என்று செய்தியில் சொன்னார்கள். பொருளாதாரம் வேகமாக வளர்வதற்கு இதுவே சான்று என்றும் ஒருவர் பேசினார். எனக்கு இது பிடிபடவில்லை. வடக்கே வெயில் கொளுத்துகிறது, ஏ.சி. ஓடுகிறது. அதற்குப் பெயர் வளர்ச்சியா? ஆற்றலை அதிகம் செலவழிக்கிற நாடு வளர்கிறதா, வளர்கிற நாடு அதிகம் செலவழிக்கிறதா? ஐரோப்பாவில் செலவைக் குறைத்துக்கொண்டே வளர்கிறார்கள் என்றும் சொல்கிறார்களே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 1 ஜூன், இரவு 9.40

கரண்ட்தான் முன்னால். கோயமுத்தூர்க்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நீலகிரியில் விழுந்த தண்ணீரின் பலம் கம்பி வழியாகச் சமவெளிக்கு இறங்கி வந்தது. அடுத்த பத்து வருடத்தில் ஊரைச் சுற்றி நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. மாடு கட்டிக் கவலை இறைத்தவர்கள் கிணற்றில் மோட்டார் வைத்தார்கள். 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். மோட்டாருக்குப் பம்ப், பம்புக்கு வார்ப்படம், வார்ப்படத்தைக் கடைய லேத் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்று வந்தது. கணபதிப் பக்கம் மூன்று லேத் போட்டு அப்பா நடத்திய பட்டறை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. பம்புக்குச் சாஃப்ட், அதாவது உள்ளே சுழலும் இரும்புத் தண்டு, கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். நான் பள்ளியில் படித்ததும் கல்லூரிக்குப் போனதும் அந்தக் கூலியில்தான்.

அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புத்தகக் கேள்வி இல்லை. 2012இல் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது என்ன நடந்தது என்பதற்கு வீட்டில் ஒரு நோட்டே இருக்கிறது. நாளைக்கு எடுத்துப் பார்த்து எழுதுகிறேன்.

2 ஜூன், மாலை

நோட்டு கிடைத்தது. நீல அட்டை, 192 பக்கம், ஓரமெல்லாம் கிரீஸ் விரல். அப்பா டெலிவரி கணக்கு எழுத வைத்திருந்தது. 2012 நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கரண்ட் போன நேரத்தையும் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

அக்டோபர் 9, செவ்வாய். ராத்திரி 12-1 இல்லை. 2-3 இல்லை. 4-5 இல்லை. காலை 6-9 இல்லை. 10-12 இல்லை. 1-3 இல்லை. 4-6 இல்லை. 7-8 இல்லை. 9-10 இல்லை.

கூட்டிப் பாருங்கள், 14 மணி நேரம். பட்டறை காலை 9 முதல் மாலை 6 வரை. அதில் கரண்ட் இருந்தது 9-10, 12-1, 3-4, ஆக மூன்று மணி நேரம். மூன்று லேத்தும் முழு நாள் ஓடினால் 90 சாஃப்ட் ஆகும். அந்தப் பக்கத்தின் கீழே 31 என்று எழுதி, பக்கத்திலேயே "2 ரிஜக்ட்" என்று போட்டிருக்கிறார்.

ரிஜக்ட் ஏன் என்பது லேத் ஓட்டியவர்களுக்குத் தெரியும். டூல் உலோகத்துக்குள் பாய்ந்து சீவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சாஃப்டைப் பிடித்துச் சுழற்றும் சக் நின்றுவிடும். டூல் கடித்த இடத்திலேயே நிற்கும், அந்த இடத்தில் சாஃப்டைச் சுற்றி மயிரிழைக்கு ஒரு கோடு விழும். டூலைப் பின்னால் இழுக்க மறந்து, கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டால் டூல் முனையில் இருக்கும் கார்பைடு டிப் தெறிக்கும். அந்த டிப் அன்றைக்கு நாலு சாஃப்டுக்கான கூலி.

அதனால் கரண்ட் போன நிமிடமே பட்டறையில் ஒரு குரல் கேட்கும்: "டூலைப் பின்னாடி எடுங்கடா!" இன்றைக்கும் எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தால் அப்பாவின் கை தன்னால் ஒரு சுற்று சுற்றும்.

3 ஜூன்

நேற்று எழுதியதில் முக்கியமான கணக்கு ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு சாஃப்ட் கடைய ஏறத்தாழ அரை யூனிட் ஆகும். அப்போது எங்கள் இணைப்புக்கு யூனிட் ஐந்தரை ரூபாய் வாக்கில். ஆக ஒரு சாஃப்டுக்குக் கரண்ட் செலவு மூன்று ரூபாய்க்கும் குறைவு. எங்களுக்குக் கிடைத்த கூலி 28 ரூபாய். பத்தில் ஒரு பங்குதான்.

பொருளாதாரப் பாடத்தில் இதை வைத்து ஒரு வாதம் சொல்வார்கள். ஒரு நாட்டின் மொத்தச் செலவில் ஆற்றலுக்குப் போகும் பங்கு சிறியது. ஆகவே அதில் பத்து சதவீதம் குறைந்தால் உற்பத்தியில் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் அடிபடும் என்று. காகிதத்தில் சரியாகத்தான் தெரிகிறது. சாம்பாரில் உப்புக்கு ஆகும் செலவு எவ்வளவு? பருப்பு, புளி, காய் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் காசே இல்லை. ஆனால் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று யாரும் விலையைப் பார்த்துச் சொல்லவில்லை. மூன்று ரூபாய்க் கரண்ட் வராததால் 28 ரூபாய்க் கூலி வரவில்லை, மூன்று ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அன்றைய சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட்டபோதும் இதுதான். பீப்பாய் மூன்று டாலர் வாக்கில் விற்றது சில மாதத்தில் பன்னிரண்டு டாலருக்கு அருகே போனது. செலவில் சிறு பங்குதானே என்று எந்த நாட்டாலும் இருக்க முடியவில்லை. அமெரிக்கா சுருங்கியது. போருக்குப் பின் விழாமல் வளர்ந்துவந்த ஜப்பானே 1974இல் சறுக்கியது.

5 ஜூன்

ஒருவர் கேட்டிருக்கிறார்: வட மாநிலங்களில் மிச்சமிருந்தால் அங்கிருந்து வாங்கியிருக்கலாமே என்று. நல்ல கேள்வி. அன்றைக்கு எங்களுக்கே இது தெரியாது, பிறகுதான் படித்தேன்.

அப்போது தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பு தனியாக ஓடியது. வடக்கோடு இணைப்பு இருந்தாலும் அது குறுகலான வாசல், கொஞ்சம்தான் உள்ளே வரும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் இருண்டு 60 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டார்களே, அதில் நாம் சிக்காததும் இதனால்தான். தப்பித்ததும் தவித்ததும் ஒரே காரணத்தால். ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்தடம் வழியாகத் தென்கட்டமைப்பு நாட்டோடு ஒன்றாகச் சேர்ந்தது 2013 டிசம்பர் 31 அன்று.

காற்றாலை ஒரு பக்கம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுழலும். அக்டோபரில் காற்று படுத்துவிடும். அப்பாவின் நோட்டில் அக்டோபர் பக்கங்கள்தான் கறுத்துக் கிடக்கின்றன. கட்டிக்கொண்டிருந்த நிலையங்கள் தாமதமாயின. கூடங்குளத்தின் முதல் உலை கட்டமைப்போடு சேர்ந்ததே 2013 அக்டோபரில்.

2008 நவம்பரில் பெரிய ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு என்று தொடங்கிய கட்டுப்பாடு 2015இல்தான் முழுதாக நீங்கியது. ஏழு வருடம். ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் காலம்.

8 ஜூன், காலை

"உங்கள் பட்டறைக் கதையை வைத்து ஒரு நாட்டைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருந்துவிடக் கூடாது என்றுதான் இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கேள்வியை எண்களை வைத்து முதலில் முறையாகச் சோதித்தவர்கள் ஜான் கிராஃப்ட், ஆர்தர் கிராஃப்ட் என்ற இருவர். 1978இல். அமெரிக்காவின் 1947 முதல் 1974 வரையான கணக்கை எடுத்து, எதன் மாற்றம் முன்னால் நடக்கிறது, எது பின்னால் தொடர்கிறது என்று பார்த்தார்கள். வளர்ச்சி முன்னால், ஆற்றல் பின்னால் என்று விடை வந்தது. அதாவது என் முதல் குறிப்புக்கு நேர் எதிர். சரி என்று ஒப்புக்கொள்ளப் போனால், 1980இல் அகார்கா, லாங் என்ற இருவர் ஆய்வுக் காலத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள். தொடர்பே கரைந்துவிட்டது!

அதன் பிறகு நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் வந்துவிட்டன. ஒரு நாட்டில் ஆற்றல் முன்னால், இன்னொரு நாட்டில் வளர்ச்சி முன்னால், சிலவற்றில் இரண்டும் கைகோத்து, சிலவற்றில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரே நாட்டைக் கூட இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விடை.

அந்தச் சோதனை முறை கிளைவ் கிரேஞ்சர் கொண்டுவந்தது. 2003இல் நோபல் பரிசு வாங்கியவர். ஒன்றின் பழைய கணக்கு இன்னொன்றின் நாளைய கணக்கை முன்கூட்டிச் சொல்ல உதவுகிறதா என்பதைத்தான் அது பார்க்கும். உதவினால் காரணம் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் சொல்வார்களே, கோழி கூவியா பொழுது விடிகிறது? அந்தச் சோதனைக்குக் கோழியையும் பொழுதையும் கொடுத்தால் கோழியைத்தான் காரணம் என்று காட்டும். மனிதர்கள் நாளைக்கு நடக்கப்போவதை எதிர்பார்த்து இன்றைக்கே வேலை செய்பவர்கள். ஆர்டர் வரும் என்று தெரிந்தால் அப்பா முந்தின வாரமே ராத்திரி ஷிஃப்ட் போடுவார். மீட்டர் முன்னால் ஓடும், பணம் பின்னால் வரும். ஆனால் ஓட வைத்தது ஆர்டர்.

8 ஜூன், பின்னிரவு

முதல் குறிப்பில் ஒரு திருத்தம். பைக்காராவுக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒன்றுமே இல்லாதது போல எழுதிவிட்டேன். தவறு. ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை 1888இலேயே வந்துவிட்டது. சுற்றிலும் கரிசல் காடு, அதில் பருத்தி. பருத்தி விற்ற காசு விவசாயக் குடும்பங்களின் கையில் இருந்தது. நெய்யத் தெரிந்தவர்களும் இரும்பு அடிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். எல்லாம் காத்திருந்த இடத்துக்குக் கரண்ட் வந்தது.

அதே பைக்காரா எத்தனையோ ஊர்களைத் தாண்டித்தானே கம்பி இழுத்தது, அங்கெல்லாம் நூற்பாலை முளைக்கவில்லையே. அதை யோசித்துப் பார்த்த பிறகு "கரண்ட்தான் முன்னால்" என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

11 ஜூன்

இந்த இழையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அக்டோபர் 9 பக்கத்தைக் கேட்டதும் சொன்னார்: "மூணு மணி நேரத்துல முப்பத்தொண்ணு எப்படி வரும் அம்மிணி? உங்கப்பா ராத்திரி பத்து மணிக்கு மேல போய்ட்டுத்தான் வருவாரு, நீ தூங்கியிருப்ப."

சரியாகத்தான் சொல்கிறார். ராத்திரி 10 முதல் 12 வரை கரண்ட் இருந்திருக்கிறது. தனி ஆளாக ஒரு லேத்தை ஓட்டியிருக்கிறார். ஆகவே 2ஆம் தேதி நான் போட்ட கணக்கு அரைகுறை. பகல் உற்பத்தி கரண்ட் போன அளவையும் தாண்டி விழுந்திருக்கிறது, அதில் கொஞ்சம் தூக்கத்திலிருந்து ஈடுகட்டப்பட்டது.

அம்மா இன்னொன்றும் சொன்னார். மாவு ஆட்டுவது. எங்கள் ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, அப்படிப்பட்ட ஊரில் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு ஆட்டினார்கள். ஊறிய அரிசியை அதற்கு மேல் வைத்தால் புளித்துவிடும், ஐந்து மணிக்கு எழுந்தால் கரண்ட் நிற்குமா என்று உறுதியில்லை. மூன்று மணிக்குத் தெருவே கிரைண்டர் சத்தத்தில் விழித்திருக்கும் என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் செலவான யூனிட் தேசியக் கணக்கில் ஏறியிருக்கும். பகலில் ஆட்டியிருந்தாலும் அதே யூனிட்தான், அதே மாவுதான். அம்மாவின் தூக்கம் போனது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கரண்ட் எத்தனை யூனிட் வந்தது என்பதைப் போலவே எந்த நேரத்தில் வந்தது, வரும் என்று நம்ப முடிந்ததா என்பதும் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. நாட்டு அளவிலான ஆய்வுகள் வருடக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் செய்யப்படுகின்றன. வருடக் கூட்டுத்தொகையில் மூன்று மணியும் பதினொரு மணியும் ஒன்றுதான்.

15 ஜூன்

தலைக்கு எத்தனை யூனிட் என்ற கணக்குக்கு வருகிறேன். சுதந்திரம் வாங்கியபோது இந்தியாவில் ஒருவருக்கு வருடத்துக்கு 16 யூனிட்தான். 2022-23இல் 1,331. சீனாவில் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. இதைப் பார்த்தால் யூனிட் கூடக்கூட நாடு பணக்காரனாகிறது என்று கோடு நேராக மேலே போகிறது.

ஆனால் பக்கத்து இலங்கையைப் பாருங்கள். நெருக்கடிக்கு முன், 2019 வாக்கில், அங்கே ஒருவருக்குச் செலவான மின்சாரம் இந்தியாவில் ஆனதில் பாதியை ஒட்டித்தான். ஒருவரின் சராசரி வருமானமோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே பெரிய இரும்பாலை இல்லை. தேயிலை, ஆயத்த ஆடை, சுற்றுலா, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம். எனக்கு மிகவும் பிடித்த காரணம் குளங்கள். நெல்லுக்குத் தண்ணீர் பெரும்பாலும் குளத்திலிருந்து மதகு வழியே தானாக இறங்கிப் பாய்கிறது. நாம் அதே நெல்லுக்கு மோட்டார் போடுகிறோம்.

வெளியூர் எதற்கு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளத்தில் ஒருவருக்கு ஆகும் மின்சாரம் நாட்டின் சராசரியைவிடக் குறைவு, வருமானம் சராசரியைவிட நன்றாகவே அதிகம். சத்தீஸ்கர் தலைகீழ். நிலக்கரியும் இரும்பு உலைகளும் அங்கே. யூனிட் கணக்கில் சராசரியைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது, வருமானத்தில் சராசரிக்குக் கீழே. அங்கே உருகும் இரும்பு வேறு மாநிலத்தில் கட்டடமாகிறது. யூனிட் உலை இருக்கும் ஊரில் பதிவாகிறது, லாபம் வேறு ஊரில்.

16 ஜூன்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு வவுனியாவில் இருக்கும் தோழி எழுதினார்: "எங்களைக் கொஞ்ச கரண்டில் நல்லாய் வாழ்ந்த நாடு எண்டு சொல்லிப்போட்டு 2022ஐ விட்டிட்டீங்களே."

விட்டிருக்கக் கூடாதுதான். 2022 மார்ச் கடைசியில் அங்கே ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் அட்டைக்கு வாரம் இத்தனை லிட்டர் என்ற பங்கீடு. அந்த வருடம் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஆனால் அங்கே முதலில் தீர்ந்தது டாலர். டாலர் இல்லாததால் எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை, எண்ணெய் இல்லாததால் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் தையல் ஆலை ஓடவில்லை, ஆலை ஓடாததால் டாலர் இல்லை. எது முன்னால் என்று கேட்டால் வட்டத்தில் எங்கே விரலை வைப்பது? கொஞ்சமாகச் செலவழித்த நாட்டையும் அந்தக் கொஞ்சம் நின்றபோது அடித்துப் போட்டுவிட்டது.

தோழியின் வீட்டில் தென்னை மட்டையில் அடுப்பெரித்தார்களாம். அதுவும் ஆற்றல்தான், யார் எண்ணினார்கள்?

20 ஜூன்

யூனிட் ஏறி வளர்ச்சி ஏறாததற்கு எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அன்னூர்ப் பக்கம் பெரியப்பாவின் தென்னந்தோப்பு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது 200 அடியில் தண்ணீர், ஐந்து எச்பி மோட்டார். இப்போது ஆயிரம் அடிக்கு போர் போட்டிருக்கிறார். ஒரு குடம் தண்ணீரை 200 அடி தூக்குவதற்கும் ஆயிரம் அடி தூக்குவதற்கும் ஐந்து மடங்கு ஆற்றல் வேண்டும், அதில் பேரம் கிடையாது. மரம் அதே மரம், காய் அதே காய். மின்கணக்கில் மட்டும் ஐந்து மடங்கு.

சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990ஐ ஒட்டியும் இலவச மின்சாரம் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது வராவிட்டால் பெரியப்பா நிலத்தை விற்றிருப்பார், அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒருவர் போர் ஆழமாகப் போட்டால் பக்கத்துத் தோட்டக்காரரும் போட வேண்டும், பிறகு இவர் மறுபடியும். இப்போது தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேல் பம்ப் இணைப்புகள் இருக்கின்றன. அந்த யூனிட்டில் எவ்வளவு விளைச்சலுக்கு, எவ்வளவு பள்ளத்தை எட்டிப் பிடிக்க என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

22 ஜூன்

சின்னக் குறிப்பு. 2012 கடைசியில் அப்பா பழைய ஜெனரேட்டர் ஒன்று வாங்கினார். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கும். அன்றைய டீசல் விலையில் யூனிட் 13, 14 ரூபாய் ஆனது. ஒரு சாஃப்டில் நாலு ரூபாய் கூடுதல் செலவு, லாபமாக நின்றதே ஐந்து ரூபாய்தான்.

இதில் கவனிக்க வேண்டியது: அந்த டீசலும் நாட்டின் ஆற்றல் நுகர்வுக் கணக்கில் ஏறியது. ஜெனரேட்டர் வாங்கியது ஜிடிபியில் முதலீடாக ஏறியது. ஊரெல்லாம் இன்வெர்ட்டர் வாங்கினார்கள், அது விற்பனை. பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் வீணான யூனிட் நுகர்வு. இரண்டு பக்கமும் எண் கூடியது. எங்கள் வீட்டில் மட்டும் நகை அடகுக்குப் போனது.

29 ஜூன்

ஐரோப்பா பற்றிக் கேட்டவருக்கு இத்தனை நாள் பதில் சொல்லவில்லை. பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன், இந்தக் கதையே தொடங்கிய நாடு. 1882இல் லண்டனில் நிலக்கரி எரித்து மின்சாரம் விற்கத் தொடங்கினார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் அங்கே மிச்சமிருக்கும் ஒரே நிலக்கரி மின்நிலையத்தையும் மூடப்போகிறார்கள். மின்நுகர்வு 2005இல் உச்சம் தொட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. மொத்த ஆற்றல் நுகர்வு 1970களைவிடக் குறைவு, பொருளாதாரமோ அப்போதிருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே பிரிக்க முடியாத முடிச்சு என்று சொல்ல முடியாது.

எப்படிப் பிரிந்தது என்பதில்தான் சண்டை. நிலக்கரி நிலையத்தில் எரியும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகும், மீதி புகைபோக்கியிலும் குளிர்கோபுரத்திலும் போய்விடும். எரிவாயுவுக்கும் காற்றுக்கும் மாறினாலே கணக்கு இறங்கும். வீடு, விளக்கு, மோட்டார் எல்லாம் சிக்கனமாயின. இது உண்மையான சேமிப்பு. இன்னொரு பக்கம், வேல்ஸில் போர்ட் டால்பாட் ஊதுலைகளை மூடப்போவதாக டாடா ஸ்டீல் அறிவித்திருக்கிறது. பிரிட்டனுக்கு இரும்பு வேண்டாமல் போய்விடாது. வேறொரு நாட்டில் உருகி வரும், அந்த நாட்டின் கணக்கில் ஏறும். சத்தீஸ்கர் கதைதான், கடல் தாண்டி.

சிக்கனம் பற்றியும் ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. 1865இலேயே ஜெவன்ஸ் என்பவர் சொன்னார்: நீராவி எந்திரம் சிக்கனமானதால் நிலக்கரிச் செலவு குறையவில்லை, எந்திரம் கட்டுபடியாகி எல்லா இடத்திலும் வந்து செலவு கூடியது என்று. எங்கள் வீட்டில் குண்டு பல்ப் இருந்த காலத்தில் வாசல் விளக்கை ஏழு மணிக்குப் போட்டு ஒன்பதுக்கு அணைப்போம். எல்ஈடி வந்த பிறகு விடிய விடிய எரிகிறது. ஆனாலும் பில்லில் விளக்குக்கான செலவு குறைந்துதான் இருக்கிறது, 60 வாட் இருந்த இடத்தில் 9 வாட். ஆகவே ஜெவன்ஸ் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தேவை தீர்ந்துபோன இடத்தில் சிக்கனம் மிச்சமாகிறது. தேவை பசியோடு இருக்கும் இடத்தில் மிச்சமானதைப் பசி தின்றுவிடுகிறது. நம் நாட்டில் இன்னும் பசி இருக்கிறது.

30 ஜூன்

மறுபடியும் 250 ஜிகாவாட்டுக்கு. 2020 ஏப்ரலில் ஊரடங்கு போட்டபோது நாட்டின் மின்நுகர்வு முந்தைய ஏப்ரலைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. அந்தக் காலாண்டில் பொருளாதாரம் ஏறத்தாழ 24 சதவீதம் சுருங்கியது. அங்கே கரண்டுக்குத் தட்டுப்பாடு இல்லை, வேலை நின்றது, அதனால் மீட்டர் நின்றது. 2012இல் எங்கள் பட்டறையில் மீட்டர் நின்றது, அதனால் வேலை நின்றது. மேலே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டு கோடும் ஒரே மாதிரித்தான் கீழே வளையும். கிராஃப்ட் இருவருக்கும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் விடை மாறி மாறி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மே 30 உச்சம் வெயிலால் வந்தது என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதற்காக அதைத் தள்ளிவிட மாட்டேன். டெல்லியில் தகரக் கூரைக்கு அடியில் தைப்பவருக்கு மின்விசிறி சுற்றினால்தான் மதியத்துக்கு மேல் கை ஓடும். எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது வேறு. அந்த உச்சத் தேவை ஏறத்தாழ முழுவதும் கொடுக்கப்பட்டது. அந்த நாளில் எத்தனை பட்டறைகள் டூலைப் பின்னால் எடுக்காமல் ஒரு சாஃப்டை முழுதாக முடித்திருக்கும் என்று எண்ணினேன். எனக்கு வளர்ச்சியின் அளவு அது.

7 ஜூலை

இன்று கணபதிக்குப் போயிருந்தேன். அப்பாவின் பட்டறையைத் தம்பி நடத்துகிறான், கணினி ஓட்டும் சிஎன்சி எந்திரம் ஒன்று போட்டிருக்கிறான். ஜெனரேட்டர் மூலையில் நிற்கிறது. மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டுவதோடு சரி, இந்த வருடம் தேவைக்கு ஓட்டவே இல்லையாம்.

பக்கத்து ஷெட் மாமாவைப் பற்றி எழுத வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே மனதில் இருந்தது. எங்களைப் போலவே ஜாப் ஒர்க், இரண்டு லேத். ஜெனரேட்டர் வாங்கக் கையில் காசில்லை. 2013 பொங்கலுக்குப் பிறகு ஒரு லேத்தை விற்றார், ஆடிக்குள் இன்னொன்றையும் விற்றார். சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். அவரிடம் தொழில் பழகிய இரண்டு பையன்களில் ஒருவன் திருப்பூருக்குப் போனான், ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான்.

2015இல் கரண்ட் வந்தது. மாமாவின் ஷெட்டுக்கும் வந்தது. லேத் வரவில்லை. போகும்போது தொழிலையும் இழுத்துக்கொண்டு போனது, திரும்பும்போது தனியாகத்தான் திரும்பியது. பத்து சதவீதம் குறைந்தால் என்ன ஆகும், பத்து சதவீதம் கூடினால் என்ன ஆகும் என்று இரண்டையும் ஒரே கோட்டின் ஏற்ற இறக்கமாக வைத்துக்கொள்ளும் எந்தச் சூத்திரத்திலும் இது விழாது. இழை தொடங்கிய அன்று கரண்ட்தான் முன்னால் என்றேன். இன்றைக்கு எழுதினால், இல்லாமல் போகும்போது அதுதான் முன்னால், இருக்கும்போது அது பல பேரில் ஒன்று என்றுதான் எழுதுவேன்.

மாமாவே இன்று ஷெட்டில் இருந்தார், வாடகை வாங்க வந்திருந்தார். இப்போது அது பார்சல் குடோன். சுவரில் பழைய மூன்று ஃபேஸ் மீட்டர் அப்படியே இருக்கிறது, இணைப்பை மாற்றவில்லை. கடைசி ரீடிங் பார்த்தேன், இரண்டு மாதத்துக்கு 70 யூனிட். ஒரு டியூப்லைட், ஒரு கேமரா, பையன்கள் போன் சார்ஜ் போடும் பிளக். "முந்தி ரெண்டு நாளைக்கு இவ்வளவு ஓடும் அம்மிணி" என்றார். தரையில் லேத் இருந்த இடத்தில் நான்கு போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பார்சல் வண்டி இடிக்காமலிருக்க அவற்றின் மேல் பழைய டயர் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்.